பாழடைந்த வீட்டை வாங்கலாமா? பத்திரம் முதல் பேரம் வரை முழுமையான வழிகாட்டி

ஒரு வீடு சந்தை விலையைவிடக் குறைவாக வருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். ஒன்று, அதைச் சரிசெய்ய உண்மையிலேயே நிறையச் செலவாகும். இல்லையென்றால், பார்க்க வருகிறவர்களுக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்காமல் போகிறது. முதல் வகை வீட்டை வாங்கினால், கிடைத்த தள்ளுபடி முழுவதையும் கொத்தனாருக்கும் கம்பி, சிமெண்டுக்கும் கொடுத்துவிடுவீர்கள். லாபம் இருப்பது இரண்டாவது வகையில். முழங்கால் உயரப் புதர், அறை நிறையக் குப்பை, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம், கறுத்துப்போன குளியலறை. இவை வாங்க வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும், ஆனால் சரிசெய்ய ஆகும் செலவு கொஞ்சம்தான். நேற்றுதான் பெயிண்ட் அடித்த பழைய வீடு எல்லோருக்கும் பிடிக்கும், அதன் அஸ்திவாரம் இறங்கிக்கொண்டிருப்பதோ கண்ணில் படாது.

அதனால் வீடு எவ்வளவு மோசம் என்று கேட்பதில் பயனில்லை. அதன் குறைகள் உண்டாக்கும் பயம், அவற்றைச் சரிசெய்யும் செலவைவிடப் பெரியதா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கான வழி கீழே. செலவு குறைந்த சோதனைகள் முதலில், செலவு அதிகமானவை கடைசியில். எந்தப் படியில் வீடு தேறவில்லையோ அங்கேயே விட்டுவிடலாம்.

படி 1: கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள்

விற்பவர் என்ன கேட்கிறார் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எல்லா வேலையும் முடிந்து, குடியேறத் தயாராக நிற்கும்போது இந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்பதுதான் முதல் எண்.

அதைக் கண்டுபிடிக்க, அதே தெருவிலோ பக்கத்திலோ, ஏறக்குறைய அதே அளவும் அதே அறைகளும் கொண்ட, நல்ல நிலையில் உள்ள வீடுகள் கடந்த ஆறு மாதங்களில் என்ன விலைக்கு விற்றன என்று பாருங்கள். குறைந்தது மூன்று வீடுகளாவது வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை வெறும் ஆசை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கை மாறிய தொகை மட்டுமே விலை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கிறது. அந்தத் தெருவில் எந்த வீடும் தொடாத விலையை உங்கள் வீடு மட்டும் தொடாது, பளிங்குத் தரை போட்டாலும் சரி. பழுதுபார்ப்பில் பணத்தைக் கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

அமெரிக்காவில் பழைய வீடுகளை வாங்கிச் சரிசெய்து விற்பவர்கள் 70 சதவீத விதி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். சரிசெய்த பிறகு கிடைக்கும் விலையில் 70 சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து பழுதுபார்க்கும் செலவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச விலை. முடிவில் வீடு 100 பெறும், வேலைக்கு 20 ஆகும் என்றால், 70-இல் 20 போக 50. அதற்கு மேல் ஒரு காசும் கூடாது.

விட்டுவைத்த அந்த 30 முழுவதும் லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். பதிவுக் கட்டணம், தரகு, வழக்கறிஞர், கடன் வட்டி, வேலை நடக்கும் மாதங்களின் வரி, காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான் போகும். பதிவுக் கட்டணமும் வரியும் அதிகமாக உள்ள இடங்களில் 70 என்பதையே 65 ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இது சட்டமல்ல, முதல் வடிகட்டி மட்டும்தான். கேட்கும் விலை 80 என்றால் அந்த வீட்டைப் பார்க்கப் போகும் பெட்ரோலையாவது மிச்சப்படுத்தலாம்.

படி 2: வீடு ஏன் பாழானது?

சுவரைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். வீடு தானாகப் பாழாவதில்லை, யாரோ செலவு செய்வதை நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் நிறுத்தினார்கள்?

உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள் என்றால் அது நல்ல பதில். ஆனால் பல நேரங்களில் உண்மையான பதில், வீடு யாருடையது என்பதே தீராமல் கிடப்பதுதான். நான்கு வாரிசுகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுக்கும் வீட்டுக்கு மற்ற மூவரும் ஓடு மாற்ற மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டில் விரிசலும் ஓதமும் (சுவரில் ஊறும் ஈரமும்) விளைவுகள்தான், நோய் பத்திரத்தில் இருக்கிறது. கொத்தனாரால் அதைச் சரிசெய்ய முடியாது.

எல்லா உரிமையாளர்களும் விற்கச் சம்மதிக்கிறார்களா, சொத்தின்மேல் அடமானமோ வழக்கோ இருக்கிறதா, வரி, தண்ணீர், மின்சார பாக்கி எவ்வளவு, உள்ளே யாராவது வாடகைக்கோ உரிமை கோரியோ இருக்கிறார்களா என்று ஒரு வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள். அவர் நீங்கள் அமர்த்தியவராக இருக்க வேண்டும், தரகர் அழைத்து வந்தவராக அல்ல.

அப்புறம், அனுமதி பெற்ற வரைபடத்தையும் நிற்கிற கட்டடத்தையும் ஒப்பிடுங்கள். பின்னாளில் கூட்டிக் கட்டிய அறைக்கோ மாடிக்கோ அனுமதி இல்லையென்றால், மறுவிற்பனையின்போது அந்தப் பரப்புக்கு விலை கிடைக்காது. சில இடங்களில் இடிக்கவும் சொல்வார்கள். சாலை விரிவாக்கத் திட்டம், வெள்ளப் பகுதி, பாரம்பரியக் கட்டடப் பட்டியல் ஆகிய மூன்றையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் ஜன்னல் மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம்.

இதே கட்டத்தில் ஒரு சின்னக் கணக்கும் போட்டுவிடலாம். வீட்டையே இடித்துவிட்டால் காலிமனை என்ன விலை பெறும்? அதில் இடிக்கும் செலவையும் கழிவை அகற்றும் செலவையும் கழித்தால் கிடைப்பது இந்தச் சொத்தின் அடிவிலை. கேட்கும் விலை அதற்குப் பக்கத்தில் இருந்தால், சுவர்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் உங்கள் ஆபத்து குறைவு. வெகு மேலே இருந்தால் நீங்கள் கட்டடத்தை நம்பித்தான் பணம் போடுகிறீர்கள், அதை நன்றாகச் சோதித்தாக வேண்டும்.

படி 3: நீங்களே போய்ப் பாருங்கள்

டார்ச் லைட், ரசமட்டம், ஸ்க்ரூடிரைவர், சின்னச் சுத்தியல், மில்லிமீட்டர் அளவுகோல், ஒரு கோலிக்குண்டு. இவை போதும். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். மழை மறைக்காமல் சொல்லிவிடும்.

உள்ளே போனதும் எது புதிதாக இருக்கிறது என்று பாருங்கள். மொத்த வீடும் பாழாகக் கிடக்க ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட், ஓர் அறைக்கு மட்டும் பொய்க்கூரை, நகர்த்த முடியாதபடி சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரி. அழுக்கைக் கண்டு நான் சந்தேகப்படுவதில்லை, இப்படித் தனியாகச் சுத்தமாக இருக்கும் இடம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

*விரிசல்கள்*

எல்லா விரிசலும் ஆபத்தல்ல. பூச்சில் தலைமுடிபோல ஓடுபவை காரை காய்ந்தபோது வந்தவை. பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகோல் இங்கே கைகொடுக்கும். 5 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் பொதுவாகத் தோற்றக் குறை மட்டுமே, அடைத்துப் பூசினால் போதும். 5 முதல் 15 வரை என்றால் கதவு ஜன்னல்கள் இறுகும், சுவரின் சில பகுதிகளை எடுத்துக் கட்ட வேண்டியிருக்கலாம். 15-ஐத் தாண்டினால் பெரிய வேலை. 25-ஐத் தாண்டினால் ஒரு பகுதியையோ முழுவதையோ திரும்பக் கட்டும் நிலைதான்.

அகலத்தைப் போலவே திசையும் முக்கியம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் இணைப்புகளின் வழியே படிக்கட்டுபோல இறங்கும் விரிசல், அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகமாக அமிழ்ந்ததைக் காட்டும். பழைய கட்டடமும் பிறகு சேர்த்துக் கட்டியதும் சந்திக்கும் இடத்தில் நேராக ஓடும் விரிசல் பெரும்பாலும் அவ்வளவு மோசமில்லை.

இன்னும் முக்கியம், அது ஓய்ந்துபோன விரிசலா, இப்போதும் நகர்கிறதா என்பது. உள்ளே தூசியும் பழைய பெயிண்டும் அடைந்திருந்தால் பழையது. ஓரங்கள் கூர்மையாகவும் உள்ளே புத்தம்புதுச் செங்கல் நிறமாகவும் இருந்தால் புதியது. முன்பு அடைத்த இடமே மறுபடி பிளந்திருந்தால் நகர்வு இன்னும் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் அவகாசம் இருந்தால் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவிட்டு வரலாம். அசைந்தால் கண்ணாடி உடையும்.

தரையில் கோலிக்குண்டை வையுங்கள். எல்லா அறையிலும் அது ஒரே பக்கமாக உருண்டால், வெளியே போய் அந்தப் பக்கத்துச் சுவரையும் அங்கே பெரிய மரம் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். களிமண் நிலத்தில் பெரிய மரங்கள் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருங்க வைக்கும். அதற்காக வாங்கியதும் மரத்தை வெட்டிவிடவும் கூடாது. உறிஞ்ச ஆளில்லாமல் மண் மறுபடி ஊறி உப்பும், வீட்டின் அந்தப் பக்கம் மேலே தூக்கும்.

*ஓதம்*

வாங்குகிறவர்களை அதிகம் மிரட்டுவது ஓதம். நம் வாய்ப்பும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் பார்க்கக் கொடூரமாக இருக்கும் பல ஈரக்கறைகளுக்குக் காரணம் மிக அற்பமாக இருக்கும்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் வரை வந்து, மேல் விளிம்பில் உப்புப் பூத்த கோடாக நிற்கும். அதற்கு மேலே தனித்திட்டாக இருந்தால் வெளியிலிருந்தோ குழாயிலிருந்தோ வருகிறது. மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்பூஞ்சை மட்டும் படர்ந்திருந்தால், காற்றோட்டம் இல்லாமல் அறையின் நீராவி சுவரில் படிந்ததாக இருக்கலாம். பூட்டிக் கிடந்த வீட்டில் இது சகஜம்.

பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒரு சாண் அகல பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் ஈரம் படிந்தால் காற்றின் ஈரம், சுவர்ப்பக்கம் படிந்தால் சுவரின் ஈரம்.

வெளியே வந்து அதே இடத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். மழைநீர்க் குழாய் உடைந்து சுவரில் கொட்டுகிறதா? பல வருடமாக மண் கொட்டிக் கொட்டி வெளித்தரை, உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா? அப்படியென்றால் ஒரு குழாயை மாற்றி, மண்ணை வெட்டி எடுத்து, சுவர் காயக் காத்திருந்து பூசினால் முடிந்தது. மற்றவர்கள் பெரிய தொகையைக் கழித்துக் கேட்கும் அதே வீட்டை நீங்கள் தெளிவாக விலை பேசலாம். காயவைக்கும் காலத்தை மட்டும் குறைத்து மதிப்பிட வேண்டாம். தடித்த பழைய சுவர் காயப் பல மாதங்கள் ஆகும், அவசரப்பட்டுப் பூசினால் உப்பு திரும்ப வெளியே வரும்.

*கான்கிரீட்டும் கம்பியும்*

கூரைத் தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? இரும்பு துருவாக மாறும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை உப்பும், கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். திடமான இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்துவிட்ட இடம் பொத்தென்று கேட்கும்.

குளியலறைக்குக் கீழே மட்டும், ஓரிடத்தில் மட்டும் என்றால் அது கசிவால் வந்தது, பழுதுபார்க்கலாம். தூண், உத்தரம், தளம் என்று எங்கு பார்த்தாலும் கம்பி தெரிந்தால், குறிப்பாகக் கடலோரத்தில், அந்த வீட்டை மனை விலைக்கு மட்டும் கேளுங்கள். நடுத்தர நிலை என்றால் பொறியாளர் ஒரு சோதனை செய்வார். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அதுதான் கம்பியைத் துருவிடமிருந்து காக்கிறது. புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல பகுதி இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத அடுக்கு கம்பி வரை போயிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள்.

*மற்றவை*

ஓட்டு வீடு என்றால் தூரத்தில் நின்று முகட்டைப் பாருங்கள். உடைந்த ஓடுகள் மலிவு, நடுவில் தொய்ந்த முகடு என்றால் கீழே மரம் போயிருக்கிறது. மரச்சட்டங்களிலும் நிலைகளிலும் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள், எளிதாக இறங்கினால் கரையானோ உளுத்தலோ. கரையானுக்கு மருந்தடிப்பது பெரிய செலவில்லை, அது தின்றுவிட்ட கூரைச் சட்டங்களை மாற்றுவதுதான் செலவு.

ஒயரிங் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். துணியோ ரப்பரோ சுற்றிய பழைய ஒயர், எர்த் இல்லாத இணைப்பு என்றால் முழுவதும் மாற்ற வேண்டும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரையும் சேர்த்துக் கணக்கில் எழுதிவிடுங்கள். துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய்கள் 40, 50 ஆண்டுகளில் உள்ளே துருவேறி அடைத்துக்கொள்ளும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள், தண்ணீர் நூலாக வந்தால் அவையும் போயின. கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வசதி கிடைத்தால் அந்தக் காசு வீண்போகாது.

கூரையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு இருந்தால் தட்டாதீர்கள், துளையிடாதீர்கள். அதன் இழை நுரையீரலுக்கு ஆபத்தானது, பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. அகற்றப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், செலவும் தனி. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பவும் வேண்டாம்.

படி 4: பொறியாளரும் மதிப்பீடும்

இதுவரை தேறிய வீட்டுக்கு மட்டும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிப் போங்கள். ஒப்பந்தக்காரரின் கருத்து பயனுள்ளதுதான், ஆனால் வேலை தனக்கு வரும் என்று நினைப்பவர் வீட்டை வாங்காதே என்று சொல்வது கடினம். பொறியாளருக்குக் கட்டணத்தோடு சரி, நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

மதிப்பீட்டை மூன்று அடுக்காகக் கேளுங்கள். அஸ்திவாரம், தூண், கூரை என்று கட்டடம் நிற்பதற்கானவை. ஒயரிங், குழாய், கழிவுநீர் என்று குடியிருப்பதற்கானவை. தரை, பெயிண்ட், சமையலறை என்று கண்ணுக்கானவை. முதல் இரண்டு அடுக்குக்கும் வாங்க வருகிறவர் தனியாகப் பணம் தர மாட்டார், வீடு என்றால் அவை இருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பார். விலையை ஏற்றிக் காட்டுவது மூன்றாவது அடுக்கு. மொத்தச் செலவில் பெரும்பகுதி முதல் அடுக்கில் விழுந்தால், அது நான் முதலில் சொன்ன முதல் வகை வீடு.

வந்த தொகையோடு 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராத செலவுக்குச் சேருங்கள். சுவரை உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

படி 5: மோசமான கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மறுபடி அந்த 100 வீட்டுக்கே வருவோம். வாங்கும் விலை 50. வாங்கும்போது ஆகும் கட்டணங்கள் 4, வேலை 20, எட்டு மாத வட்டி, வரி, காவல் 5, விற்கும் செலவு 4. மொத்தம் 83. லாபம் 17. நன்றாக இருக்கிறது.

இப்போது வேலைச் செலவை 30 சதவீதம் ஏற்றுங்கள், 6 போச்சு. எட்டு மாதம் பதினாறு ஆகட்டும், இன்னொரு 5. விற்கும் நேரம் சந்தை 5 சதவீதம் இறங்கட்டும். 17 ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இந்த மூன்றும் ஒன்றாக வருவது அபூர்வமல்ல, ஏனென்றால் வேலை கூடினால் நாளும் கூடும். இதே வீட்டை 50-க்குப் பதில் 55-க்கு வாங்கியிருந்தால் 4 நட்டம். வாங்கும்போது விட்டுக்கொடுத்த 5-ஐ வேறு எங்கேயும் மீட்க முடிவதில்லை.

வாடகைக்கு விடுவதாக இருந்தால் கணக்கு வேறு. விற்கும் செலவு 4 போக, போட்ட மொத்தம் 79, மாத வாடகை 0.5, ஆண்டுக்கு 6. பார்வைக்கு 7.6 சதவீதம். ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருக்கும், பராமரிப்புக்கு 1, வரி, காப்பீட்டுக்கு 0.5 என்று கழித்தால் கையில் நிற்பது 4, அதாவது சுமார் 5 சதவீதம். எந்தத் தலைவலியும் இல்லாத வங்கி வைப்பு இதே அளவு தந்தால், நீங்கள் உண்மையில் நிலத்தின் விலை ஏறும் என்று நம்பித்தான் வாங்குகிறீர்கள். அதில் தவறில்லை, தெரிந்து செய்தால் சரி.

கடனையும் முன்பே கேட்டுவிடுங்கள். குடியிருக்க முடியாத நிலையில் உள்ள வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும், தந்தாலும் வாங்கும் விலைக்குத்தான் தரும், பழுதுபார்ப்புக்குத் தராது. பாதி வேலையில் பணம் தீர்ந்துபோனால், வீட்டை வாங்கியபோது இருந்ததைவிட மோசமான விலைக்கு விற்க நேரும். பெயர்த்துப் போட்ட வீட்டை யாருக்கும் பிடிக்காது.

படி 6: விலை கேட்பது

மோசமான கணக்கிலும் நட்டம் வராத விலை எதுவோ அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பேரத்துக்குப் போங்கள். முதலில் கேட்பது அதற்குக் கீழே இருக்கட்டும்.

வீடு மோசம் என்று பொதுவாகச் சொல்லி விலையைக் குறைக்கப் பார்த்தால் விற்பவர் முறைத்துக்கொள்வார், அது அவர் வளர்ந்த வீடாகக்கூட இருக்கும். பொறியாளரின் அறிக்கையையும் மதிப்பீட்டையும் மேசைமேல் வையுங்கள், தூணுக்கு இவ்வளவு, ஒயரிங்குக்கு இவ்வளவு என்று. குப்பையையும் புதரையும் பற்றி வாயே திறக்க வேண்டாம். அவற்றுக்கான தள்ளுபடி ஏற்கெனவே விலையில் இருக்கிறது.

முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்திரத்தில் சிக்கல் தெரிந்தாலோ, விரிவான கட்டட ஆய்வில் பெரிய குறை வெளிப்பட்டாலோ பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம் என்று. அப்புறம், பத்திரம் முடியும் நாளில் வீடு காலியாகக் கையில் வர வேண்டும், உள்ளே இருப்பவர்களைப் பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது.

தாளில் எழுதிய எண்ணுக்கு அவர் வரவில்லை என்றால் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். பாழடைந்த வீடு சீக்கிரம் விற்றுப்போவதில்லை. இன்னொரு மழைக்காலம் போன பிறகு அவரே கூப்பிடவும் கூடும். அப்படிக் கூப்பிட்டால் ரசமட்டத்தையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள், ஒரு மழைக்காலத்தில் கூரை நிறைய மாறியிருக்கும்.